பூச்சை முடிவு செய்யுமுன் தரங்கம்பாடிக்கு ஒரு நடை

கேள்வி சுருக்கமாக இது: வீடு செட்டிநாட்டுப் பள்ளத்தூரில், 1920-களில் கட்டியது. வளவில், அதாவது முற்றத்தைச் சுற்றிய பகுதியில், சுவர்களில் தரையிலிருந்து மூன்று, நான்கு அடி உயரம் வரை பூச்சு உதிர்கிறது. முகப்பில் சில இடங்களில் சுவர் உப்பிக்கொண்டு நிற்கிறது. பங்காளிகளில் பாதிப் பேர் சிமெண்ட் வைத்துப் பூசிவிடலாம் என்கிறார்கள். மீதிப் பேர், தரங்கம்பாடியில் சீரமைத்த கோட்டையையும் பங்களாவையும் ஒருமுறை பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்கிறார்கள். போய் வந்தால் பயன் உண்டா, அங்கே எதைப் பார்க்க வேண்டும், 74 வயது ஆத்தாவையும் அழைத்துப் போகலாமா?

போய் வாருங்கள், பயன் உண்டு. ஆனால் "அங்கே என்ன கலவை போட்டார்கள்" என்று கேட்டு வந்து அதையே பள்ளத்தூரில் போடுவதற்காகப் போகாதீர்கள். கடலோரச் சுவருக்கு வரும் நோய் வேறு, செட்டிநாட்டுச் சுவருக்கு வரும் நோய் வேறு. அங்கே கற்றுக்கொள்ள வேண்டியது ஒன்றுதான்: தண்ணீர் சுவருக்குள் எந்த வழியாக நுழைகிறது, எந்த வழியாக வெளியேறுகிறது என்று பார்க்கும் கண். உங்கள் ஊரில் நூறு ஆண்டுகளாக மெதுவாக நடப்பது அங்கே கடற்காற்றால் வேகமாக நடக்கிறது. அதனால் கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும்.

புறப்படுவதற்கு முன் உள்ளூரிலேயே அரை நாள் செலவிடுங்கள். ஆத்தங்குடி அரண்மனை என்று சொல்லப்படும் பெரிய வீட்டைக் கட்டணம் கட்டி உள்ளே போய்ப் பார்க்கலாம். உங்கள் வீட்டிலும் மேங்கோப்பில் (வீட்டின் மேல்பகுதியில்) அல்லது உள்ளறையில் ஓதம், அதாவது சுவரில் ஏறும் ஈரம், படாத ஒரு மூலை நிச்சயம் இருக்கும். அந்த இடத்துப் பூச்சை உள்ளங்கையால் தடவிப் பாருங்கள். பளிங்கு போலக் குளிர்ந்து, வழவழப்பாக இருக்கும். அது ஒரே பூச்சு அல்ல. அடியில் சுண்ணாம்பும் மணலும் சேர்ந்த முரட்டுப் பூச்சு, அதன் மேல் நைசான மணலில் இன்னொன்று, அதற்கும் மேல் மணலே இல்லாத அரைத்த சுண்ணாம்பு, கடைசியில் கிளிஞ்சல் சுண்ணாம்பை வெண்ணெய் போல் அரைத்து முட்டை வெள்ளைக்கரு சேர்த்துக் காகிதக் கனத்தில் இழுத்துக் கூழாங்கல்லால் தேய்த்த மெருகு. நல்ல பூச்சு எப்படி இருக்கும் என்று கைக்குத் தெரிந்த பிறகு போனால்தான், அங்கே பார்ப்பதை எதனோடு ஒப்பிடுவது என்பது புரியும்.

எப்போது போவது என்பது முக்கியம். தை மாதம்தான் சரி. ஐப்பசி, கார்த்திகை மழை குடித்த சுவர் அப்போதுதான் உலரத் தொடங்கியிருக்கும். எந்த உயரம் வரை ஓதம் ஏறியது, எங்கே உப்புப் பூக்கிறது என்பது புதிதாகத் தெரியும். சித்திரை வெயிலில் போனால் எல்லாச் சுவரும் யோக்கியமாகத்தான் நிற்கும். வெள்ளிக்கிழமையைத் தவிருங்கள், அரசு அருங்காட்சியகங்களுக்குப் பொதுவாக அன்று விடுமுறை.

காரைக்குடியிலிருந்து புதுக்கோட்டை, தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறை வழியாகச் சுமார் 200 கி.மீ. காரில் நான்கரை மணி முதல் ஐந்து மணி நேரம் ஆகும், கும்பகோணம் நெரிசலைப் பொறுத்தது. சித்திரையில் வைத்தீசுவரன்கோயிலுக்குப் பாதயாத்திரை போகும் குடும்பம் என்றால் மயிலாடுதுறைப் பக்கம் உங்களுக்குப் புதிதல்ல. ஒரே நாளில் போய்த் திரும்பலாம் என்று கணக்குப் போடாதீர்கள். சுவரைப் பார்க்கச் சாய்வான வெளிச்சம் வேண்டும், அது காலை ஏழிலிருந்து ஒன்பதரை வரைதான் கிடைக்கும். காலை வெயில் சுவரை ஒட்டிப் பக்கவாட்டில் சாய்வாக விழும்போது ஒவ்வொரு மேடு பள்ளமும், ஒட்டுப் போட்ட ஒவ்வொரு விளிம்பும் நிழலோடு தெரியும். நடுப்பகலில் அதே சுவர் தட்டையாகிவிடும். ஆகவே முதல் நாள் மதியம் கிளம்பி, திருக்கடையூரிலோ காரைக்காலிலோ இரவு தங்குங்கள். திருக்கடையூர் வெகு அருகில், சஷ்டியப்த பூர்த்திக்கு வருகிறவர்களால் அறைகளும் சாப்பாடும் எளிதாகக் கிடைக்கும் ஊர். தரங்கம்பாடியிலேயே தங்க விரும்பினால், கடலைப் பார்த்த பழைய கலெக்டர் பங்களா இப்போது தங்கும் விடுதியாக இருக்கிறது. செலவு கூடுதல், ஆனால் சீரமைத்த கட்டடத்துக்குள் ஓர் இரவு இருப்பது உங்கள் வேலைக்குப் பொருத்தமானதே.

கையோடு எடுத்துப் போக வேண்டியவை: நல்ல டார்ச், அளவு டேப், நோட்டு, படத்தில் அளவு தெரிய வைப்பதற்கு ஒரு பேனா. ஆணி, கத்தி, உளி எதுவும் வேண்டாம். பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சுரண்டுவது சட்டப்படி குற்றம். சோதனைகளை எல்லாம் உங்கள் வீட்டுச் சுவரில் செய்துகொள்ளலாம்.

கட்டடத்தின் வயது தெரிந்தால் சுவர் புரியும் என்பதால் வரலாறு சிறிதளவு. தஞ்சை ரகுநாத நாயக்கரோடு டென்மார்க் நாட்டார் 1620-இல் ஒப்பந்தம் செய்துகொண்டு இந்தக் கடற்கரையில் டான்ஸ்போர்க் கோட்டையைக் கட்டினார்கள். டென்மார்க் அரசரின் சார்பில் வந்தவர் ஓவ் ஜெடே. நடுவில் 1808 முதல் 1815 வரை ஆங்கிலேயர் பிடித்து வைத்திருந்து திருப்பிக் கொடுத்தார்கள். 1845-இல் வங்காளத்துச் செராம்பூரையும் சேர்த்துப் பன்னிரண்டரை லட்ச ரூபாய்க்கு ஆங்கிலேயருக்கே விற்றுவிட்டார்கள். அதன் பிறகு துறைமுகத்துக்கு வேலை இல்லாமல் போயிற்று. ஊர் வளராததால் பழைய தெருக்கள் பிழைத்தன. வியாபாரம் நின்ற பிறகு அப்படியே நின்றுபோன கானாடுகாத்தான் தெருக்களைப் பார்த்தவர்களுக்கு இந்தக் கதை எளிதில் விளங்கும். கோட்டை இன்று மாநிலத் தொல்லியல் துறையின் பொறுப்பில் அருங்காட்சியகமாக இருக்கிறது. எதிரே மைதானத்தைப் பார்த்து நிற்கும் டேனிஷ் ஆளுநர் பங்களா 18-ஆம் நூற்றாண்டின் இறுதியைச் சேர்ந்தது. டென்மார்க்கின் தேசிய அருங்காட்சியகமும் தமிழ்நாடு அரசும் சேர்ந்து அதைச் சீரமைத்தன. 2004 டிசம்பர் 26 சுனாமி இந்த ஊரையும் தாக்கியது. அதற்குப் பிறகு பாரம்பரியக் கட்டடங்களைக் காக்கும் இன்டாக் அமைப்பு தெருக்களில் இருந்த பழைய வீடுகள் சிலவற்றைச் சீரமைத்தது. ஆக நானூறு ஆண்டுக் கோட்டை, இருநூற்று சொச்சம் ஆண்டுப் பங்களா, சாதாரணக் குடியிருப்பு வீடு என்று மூன்று வகைச் சீரமைப்பையும் அரை கிலோமீட்டர் நடைக்குள் பார்த்துவிடலாம். தமிழ்நாட்டில் இது வேறு எங்கும் எளிதில் அமையாது.

டேனிஷ் நுழைவாயிலில் வண்டியை நிறுத்திவிட்டு ராஜ வீதியில் கடலை நோக்கி நடங்கள். வழியில் 1701-இல் கட்டிய சீயோன் ஆலயமும், 1718-இல் கட்டிய புதிய எருசலேம் ஆலயமும் வரும். 1706-இல் இங்கே வந்து இறங்கி, தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சிட்ட சீகன்பால்கு அடக்கமானது இரண்டாவது ஆலயத்தில். தமிழ் அச்சில் பற்றுள்ளவர்கள் அங்கே அரை மணி நேரமாவது நிற்பார்கள், நிற்கவும் வேண்டும். ஆனால் சுவர் பார்க்க வந்தவர்கள் அதிகாலையில் நேரே கோட்டைக்குப் போய்விட்டு, வெயில் ஏறிய பிறகு ஆலயங்களுக்குத் திரும்பலாம். உள்ளே அருங்காட்சியகம் திறக்கும் வரை வெளிச்சுவரே போதுமான பாடம்.

முதலில் கோட்டையை வெளியிலிருந்து ஒரு சுற்று வாருங்கள். கடலைப் பார்த்த சுவரையும் ஊரைப் பார்த்த சுவரையும் ஒரே உயரத்தில் படம் எடுத்து ஒப்பிடுங்கள். சேதம் எந்த உயரத்தில் இருக்கிறது என்பதுதான் கேள்வி. அடியில் மட்டும், ஒரு பட்டை போல, மேலே அலை அலையான ஒரு கோட்டோடு முடிந்தால் அது மண்ணிலிருந்து ஏறிய ஓதம். உயரம் பாராமல் திட்டுத் திட்டாக, காற்று மோதும் மூலைகளிலும் கைப்பிடிச் சுவர்களிலும் அதிகமாக இருந்தால் அது கடற்காற்று கொண்டுவந்த உப்பு. மேலிருந்து கீழாக நாக்கு நீட்டியது போல் இறங்கினால் அது மழைத்தண்ணீர். தூம்பு (மழைநீர் வடியும் குழாய்) உடைந்திருக்கும் அல்லது தளத்தில் விரிசல் இருக்கும். இந்த மூன்றையும் பிரித்துப் பார்க்கக் கற்றுக்கொண்டால் பயணத்தின் பாதிப் பலன் வந்துவிட்டது.

உப்பு என்ன செய்கிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் சிமெண்ட் வாதத்துக்கு விடை அங்கேதான் இருக்கிறது. அடுப்படியில் உப்புச் சாடி மழைக்காலத்தில் கசிவதையும் வெயில் காலத்தில் கட்டியாவதையும் பார்த்திருப்பீர்கள். காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு ஈரத்தை இழுத்துக் கரையும், அதற்குக் கீழே இறங்கினால் மறுபடி படிகமாகும். கடற்கரையில் இரவில் ஈரப்பதம் அந்த அளவைத் தாண்டுவதும் பகலில் இறங்குவதும் பெரும்பாலும் அன்றாடம் நடப்பவை. படிகமாகும்போது உப்பு இடம் கேட்டு நெருக்கும். செங்கலின் நுண்துளைக்குள் அந்த நெருக்கல் நடந்தால் செங்கல் மாவாக உதிரும். பூச்சின் மேற்பரப்பில் நடந்தால் வெள்ளைப் பொடியாகப் பூத்து, துடைத்தால் போய்விடும். படிகம் எங்கே உருவாகும் என்பதைத் தீர்மானிப்பது, தண்ணீர் எந்த இடத்தில் ஆவியாகிறது என்பதே.

சுண்ணாம்புப் பூச்சு மூச்சு விடும். சுவருக்குள் இருக்கும் ஈரம் பூச்சின் வழியே வெளியே வந்து மேற்பரப்பில் ஆவியாகும். உப்பும் அங்கேயே படியும். பூச்சு பத்து, இருபது ஆண்டில் கெடும், செங்கல் பிழைக்கும். கெட்ட பூச்சை எடுத்துவிட்டு மறுபடி பூசலாம். சிமெண்ட் பூச்சு ஈரத்தை வெளியே விடாது. ஈரம் பூச்சுக்குப் பின்னாலேயே தேங்கும், உப்பு அங்கேயே படிகமாகும். வெளியே பார்த்தால் சுவர் கல் போல் உறுதியாகத் தெரியும். சில ஆண்டுகள் கழித்து ஒரு நாள் பூச்சு பாளமாக விழும், பின்னால் செங்கல் பாதி மாவாகி இருக்கும். அல்லது ஈரம் வெளியேற வழி தேடி, சிமெண்ட் முடிகிற இடத்துக்கு மேலே ஏறிவிடும். அடியில் நான்கடிக்குச் சிமெண்ட் பூசினால் ஐந்தாவது, ஆறாவது அடியில் புதிதாக உதிரத் தொடங்குவது இதனால்தான். சிமெண்டிலேயே கரையும் உப்புகள் சிறிது இருப்பது இன்னொரு கேடு. உங்கள் பங்காளிகளிடம் சொல்ல வேண்டியது இது ஒன்றைத்தான்: சிமெண்ட் வலிமையான பொருள், அதில் சந்தேகமில்லை. ஆனால் மென்மையான செங்கலும் சுண்ணாம்பும் சேர்ந்த சுவருக்கு, தன்னைவிட வலிமையான தோல் ஆகாது.

தரங்கம்பாடித் தெருக்களில் நடக்கும்போது தனியார் வீடுகளையும் மதில்களையும் கவனியுங்கள். பழைய சுவரில் யாராவது சாம்பல் நிற ஒட்டுப் போட்டிருந்தால் அதன் விளிம்பைப் பாருங்கள். ஒட்டு அப்படியே நின்று, சுற்றிலும் பழைய பூச்சு அரித்துப் பள்ளமாகியிருந்தால் மேலே சொன்னது கண்முன் நடந்துகொண்டிருக்கிறது. ஒரு படம் எடுத்து வாருங்கள். பங்காளிகள் கூட்டத்தில் அந்தப் படம் எந்த வாதத்தையும் விடச் சீக்கிரம் வேலை செய்யும்.

கோட்டைக்குள் கீழ்த்தளம் கிடங்கும் வெடிமருந்தறையும் சிறையுமாக இருந்த பகுதி. வளைவுக் கூரை, கனத்த சுவர், குறைந்த காற்று. டார்ச்சைச் சுவரோடு ஒட்டிச் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள், காலை வெயில் செய்யும் வேலையை இருட்டில் டார்ச் செய்யும். எது பழைய பூச்சு, எது புதியது என்று பிரித்துப் பார்க்கப் பழகுங்கள். கையால் பூசிய பழைய பூச்சு செங்கல் வரியோடு இசைந்து மெல்ல அலையும், மூலைகள் சற்று உருண்டிருக்கும். ரசமட்டமும் நீளக் கட்டையும் வைத்து இழுத்த புதிய பூச்சு நேராக இருக்கும், மூலை கத்தி போல் நிற்கும். விரல் மூட்டால் மெல்லத் தட்டினால் பொள்ளலாக ஒலிக்கும் இடம் சுவரை விட்டுப் பிரிந்துவிட்ட இடம். தட்டுவதற்கு முன் அங்கே இருக்கும் ஊழியரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். சீரமைப்பு வேலை எப்போது நடந்தது, எந்தப் பக்கம் முதலில் கெடுகிறது, வருடத்துக்கு எத்தனை முறை வெள்ளை அடிக்கிறார்கள் என்று அவர்களிடமே கேளுங்கள். நாள்தோறும் அந்தச் சுவரைப் பார்ப்பவர்கள் சொல்வது எந்த அறிவிப்புப் பலகையிலும் இருக்காது. மேல்தளம் ஆளுநரும் போதகரும் இருந்த பகுதி. காட்சிப் பொருட்களை நிதானமாகப் பாருங்கள், கூடவே கடல் பக்கச் சன்னல்களின் கீழ்ப்பகுதியையும். மழைச்சாரல் முதலில் தாக்குவது சன்னலடிதான், செட்டிநாட்டு வீட்டிலும் அப்படியே.

ஆளுநர் பங்களாவுக்குள் அனுமதி கிடைத்தால் உள்ளே போங்கள். கிடைக்காவிட்டாலும் வெளியிலிருந்தே வேண்டிய மட்டும் தெரியும். அங்கே தண்ணீரின் வழியைப் பாருங்கள். தளத்தில் விழும் மழை எந்தத் தூம்பில் இறங்குகிறது, தூம்பு சுவரை விட்டு எவ்வளவு தூரம் நீண்டிருக்கிறது, விழுகிற இடத்தில் தரை என்ன சரிவில் இருக்கிறது, தூண்களின் அடியில் மண் மூடியிருக்கிறதா, நடைபாதைக் கல்லா. சீரமைப்பில் பணம் போவது பூச்சுக்கு என்று பலர் நினைக்கிறார்கள். நல்ல சீரமைப்பில் பெரும்பங்கு கூரைக்கும் வடிகாலுக்கும் போகும். அது படத்தில் விழாது என்பதால் யாரும் பேசுவதில்லை.

கோட்டைக்கு வடக்கே கடலோரத்தில் மாசிலாமணிநாதர் கோயிலையும் ஒரு நடை பாருங்கள். 14-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் எழுந்தது. முன்பகுதியைக் கடல் கொண்டுபோய்விட்டது. எந்தக் கலவையாலும் தடுக்க முடியாத சேதம் என்று ஒன்று உண்டு. கரையைக் காக்கப் பாறைகள் கொட்டியிருப்பதைப் பார்த்தால், சுவரைக் காப்பதற்கு முன் சுவரின் காலடியைக் காக்க வேண்டும் என்பது புரியும்.

ஆத்தாவைத் தாராளமாக அழைத்துப் போகலாம். ஊரின் உள்பகுதி சமதளம், தெருக்களில் நடப்பது எளிது. கோட்டையின் மேல்தளத்துக்குப் படி ஏற வேண்டும், முட்டிவலி உள்ளவர்கள் முற்றத்தோடு நின்றுகொள்ளலாம். பத்து மணிக்குப் பிறகு மணலில் நடக்க விடாதீர்கள். குடையும் தண்ணீரும் கையில் இருக்கட்டும், கோட்டை மைதானத்தில் நிழல் குறைவு. திரும்பும் முன் நேரம் இருந்தால் வடக்கே இருபது கி.மீ. சொச்சத்தில் பூம்புகார். நகரத்தார் வீடு ஏன் தெருவிலிருந்து இத்தனை படி உயர்ந்து நிற்கிறது என்பதற்கு, காவிரிப்பூம்பட்டினத்தில் கடல் பொங்கிய நினைவைத்தான் பெரியவர்கள் காரணமாகச் சொல்வார்கள். வறண்ட மண்ணில் நின்றுகொண்டு கேட்கும்போது விளங்காத அந்தப் பேச்சு, பூம்புகார்க் கடற்கரையில் விளங்கும். ஆத்தாவுக்கு இந்தப் பயணத்தில் மிகவும் பிடிக்கப்போவது அதுவாகத்தான் இருக்கும்.

இனி வீட்டுக்கு வந்த பிறகு செய்ய வேண்டியது.

முதலில் உங்கள் சுவரில் ஏற்கெனவே யாராவது சிமெண்ட் வைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். உதிர்கிற பகுதியின் ஓரத்தில் ஆணியால் கீறுங்கள். சுண்ணாம்பு எளிதில் கீறி வெள்ளையாகவோ மணல் நிறத்திலோ பொடியாகும், சிமெண்ட் கீறாது அல்லது சாம்பல் கோடு விழும். எலுமிச்சைச் சாறு ஊற்றி நுரை வந்தால் சுண்ணாம்பு என்று சிலர் சொல்வார்கள், அதை நம்ப வேண்டாம், சிமெண்டும் நுரைக்கும். அடுத்து ஒரு சொட்டுத் தண்ணீர் வைத்துப் பாருங்கள். சுண்ணாம்பு உறிஞ்சிக்கொள்ளும். சொட்டு உருண்டு நின்றால் மேலே பிளாஸ்டிக் எமல்ஷன் பெயிண்ட் இருக்கிறது. சுண்ணாம்புச் சுவரில் எமல்ஷன் அடிப்பது மெல்லிய சிமெண்ட் பூசியதற்குச் சமம், உங்கள் முகப்பு உப்பி நிற்பதற்கே அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். முட்டை மெருகு நன்றாக நிற்கும் இடத்தில் இந்த இரண்டு சோதனையும் வேண்டாம், மெருகு கீறினால் திரும்பாது.

வளவில் அடியிலிருந்து நான்கடி என்று சொல்கிறீர்கள். அது பெரும்பாலும் தரையோதம். மூன்று இடங்களைத் தேடுங்கள். தெருவும் சந்தும் புதிய சிமெண்ட் சாலையால் உயர்ந்து, சுவரின் வெளிப்புறம் மண் ஏறியிருக்கிறதா? முற்றத்துத் தண்ணீர் வெளியேறும் சாக்கடை அடைத்து, தண்ணீர் அடித்தளத்துக்குள் கசிகிறதா? பிற்காலத்தில் கட்டிய குளியலறை அந்தச் சுவரின் மறுபக்கம் இருக்கிறதா? மூன்றில் ஒன்றாவது இருக்கும். அதைச் சரி செய்யாமல் எந்தப் பூச்சு வைத்தாலும் காசு தண்டம். முற்றத்து ஓட்டுக்கூரைகள் கூடும் கூடல்வாயையும் பாருங்கள், அங்கே தகரம் துருப்பிடித்தால் சுவர் மேலிருந்து நனையும். கைப்பிடிச் சுவரில் அரசங்கன்று முளைத்திருந்தால் வெட்டினால் போதாது, வேரை நோண்டி எடுத்துவிட்டுச் சுண்ணாம்பால் அடைக்க வேண்டும்.

நாட்கணக்கு இப்படி வைத்துக்கொள்ளுங்கள். தை, மாசியில் உதிர்ந்த பூச்சை, உப்புக் கோட்டுக்கு மேல் ஒரு முழம் சேர்த்து எடுத்துவிட்டு, செங்கல் இடுக்கை ஓர் அங்குலம் ஆழத்துக்குச் சுரண்டி, உலர்ந்த துடைப்பத்தால் பெருக்குங்கள். தண்ணீர் விட்டுக் கழுவினால் உப்பு திரும்ப உள்ளே போகும். விழுந்த பொடியை உடனே அள்ளி வெளியே கொட்டுங்கள், அதில் உப்பு இருக்கிறது. பங்குனி முதல் ஆனி வரை சுவர் வெறுமனே கிடக்கட்டும். கனமான சுவர் ஓர் அங்குலம் உலர ஒரு மாதம் என்பது கட்டடக்காரர் கணக்கு. இந்த இடைவெளியில் கூரை, தூம்பு, சாக்கடை வேலையை முடித்துவிடுங்கள். ஐப்பசி மழையில் சுவர் மறுபடி நனைகிறதா என்று பார்த்து, நனையவில்லை என்றால் அடுத்த தையில் பூசுங்கள். ஒரு வருடம் ஆகிறதே என்று பங்காளிகள் முகம் சுளிப்பார்கள். நூறு வருடச் சுவருக்கு ஒரு வருடம் அதிகமில்லை. சித்திரை வெயிலிலும் ஆடிக்காற்றிலும் பூசக் கூடாது, பூச்சு இறுகுவதற்குள் ஈரம் பறந்து வலைவலையாக வெடிக்கும்.

அளவு: 100 சதுர அடிக்கு அரை அங்குலக் கனத்தில் ஒரு பூச்சு என்றால் நான்கு கன அடிக்குச் சற்று மேல் கலவை வேண்டும். சுண்ணாம்பு ஒரு பங்கு, மணல் இரண்டு பங்கு என்று வைத்தால் மணல் நான்கேகால் கன அடி, சுண்ணாம்பு இரண்டு கன அடி சொச்சம். சுண்ணாம்பு மணலின் இடைவெளிக்குள் போய் அமர்ந்துவிடுவதால் கூட்டுத்தொகை ஆறு கன அடி என்று எண்ணிவிடாதீர்கள். சேதாரத்துக்கு எட்டில் ஒரு பங்கு சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரே மூச்சில் ஓர் அங்குலம் ஏற்றாதீர்கள், தொங்கி விழும். அரை அங்குலம், அது விரலுக்கு அமுங்காத அளவு இறுகியதும் கீறிவிட்டு அடுத்தது. மணல் கழுவிய ஆற்று மணலாக இருக்கட்டும். வாயில் இரண்டு மணி போட்டால் உப்புக் கரித்தால் திருப்பி அனுப்புங்கள். சுண்ணாம்பு நீற்றிக் குறைந்தது ஒரு மாதம் தண்ணீருக்கடியில் கிடக்க வேண்டும். நீறாத கட்டி ஒன்று இருந்தாலும் பூசிய பிறகு சுவருக்குள் நீறிப் பொரி போல வெடித்துக் குழி விழும். கடுக்காயும் கருப்பட்டியும் ஊறிய தண்ணீர் கலவையை இழுக்க எளிதாக்கி இறுக்கமும் தரும். ஆனால் இனிப்பு கூடினால் பூச்சு இறுகாமல் கிடக்கும், எறும்பு வரும், பூசணம் பிடிக்கும். அளவு கொத்தனாரின் கைப்பழக்கத்தைப் பொறுத்தது என்பதால் மறைவான சுவரில் இரண்டுக்கு இரண்டு அடி மாதிரி போட்டு ஒரு மாதம் பார்த்துவிட்டு ஒப்பந்தம் பேசுங்கள். பூசிய சுவரில் ஈரச் சாக்குத் தொங்கவிட்டு ஒரு வாரம் தெளித்துக்கொண்டே இருக்க வேண்டும். சுண்ணாம்பு காற்றைக் குடித்துக் கல்லாவதற்கு ஈரம் வேண்டும்.

ஆள் பிடிக்கும்போது ஒரு கேள்வி தவறாமல் கேளுங்கள்: வெள்ளைச் சிமெண்ட் எவ்வளவு போடுவீர்கள்? செட்டிநாட்டுப் பூச்சு என்ற பெயரில் வெள்ளைச் சிமெண்டும் பளிங்குப் பொடியும் கலந்து பளபளப்பாக்கிக் கொடுப்பது இப்போது அதிகம். உலர்ந்த உட்சுவருக்கு அது நின்றாலும் நிற்கலாம், ஓதச் சுவருக்கு நிற்காது.

முகப்பில் உப்பியிருக்கும் இடங்களை உடனே தட்டிக் கொட்டிவிடாதீர்கள். அங்கே பழைய மெருகோ சுதை வேலையோ இருந்தால், பூச்சு பொள்ளலாக இருப்பதாலேயே அதை இழக்க வேண்டியதில்லை. மறைவாகச் சிறு துளை போட்டு, ஊசிக்குழாயால் முதலில் கொஞ்சம் தண்ணீரும் பிறகு வடிகட்டிய சுண்ணாம்புக் குழம்பும் உள்ளே செலுத்தி, பஞ்சு வைத்த பலகையால் இரண்டு நாள் முட்டுக் கொடுத்தால் பல இடங்களில் சுவரோடு மறுபடி ஒட்டிக்கொள்ளும். ஒருமுறை உள்ளங்கை அளவு இடத்துக்கு மேல் செய்ய வேண்டாம், குழம்பின் பாரத்தில் பூச்சே கழன்றுவிடும். உத்திரக் கர்டரை ஒட்டி உப்பியிருந்தால் கதை வேறு. உள்ளே இரும்பு துருப்பிடித்துப் பருத்திருக்கிறது என்று பொருள். அந்த இடத்தில் மட்டும் பூச்சை எடுத்து, துருவைச் சுரண்டி, துருத்தடுப்புப் பூசிய பிறகே மூட வேண்டும். கர்டர் மெலிந்திருந்தால் பூச்சு வேலையை நிறுத்திவிட்டுக் கட்டடப் பொறியாளரைக் கூப்பிடுங்கள்.

செலவைப் புள்ளிக் கணக்கில் (மணமான தம்பதிக்கு ஒரு பங்கு என்று) பிரிப்பதற்கு முன் வீடு முழுவதையும் ஒரே சீராகப் படம் எடுத்து, எந்தச் சுவர், எந்த உயரம், என்ன சேதம் என்று ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருக்கும் பங்காளிகளுக்கு அந்த நோட்டை அனுப்பினால் பேச்சு சுருக்கமாக முடியும். வேலை முடிந்தபின் மேலே சுண்ணாம்பு வெள்ளை மட்டும் அடியுங்கள். எமல்ஷன் விற்பவர் எத்தனை வருட உத்தரவாதம் கொடுத்தாலும் அந்த டப்பாவை வளவுக்குள் விடாதீர்கள்.